கழுவி வைத்த பெட்டிகள்

1. தூசிக்குத்தான் காசு

சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, லாரி டயர் ரீட்ரெட் செய்யும் கடைக்குப் பின்னால் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் நான் வேலைக்குச் சேர்ந்த இடம் அது. முதல் நாள் காலையில் என் முன்னால் ஒரு கோணிச் சாக்கைக் கவிழ்த்தார்கள். பழைய பித்தளை மணிகள் கொட்டின. மாட்டுக் கழுத்து மணி, பூஜை மணி, சைக்கிள் மணியின் மூடி என்று எல்லாம் கலந்து கிடந்தன. பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்து வைக்கச் சொன்னார்கள். நான் ஒன்றை எடுத்துத் தாவணி முனையால் துடைத்துவிட்டுப் பிரிக்கத் தொடங்கினேன்.

ஷெட் முதலாளி அன்வர் பாய் எங்கிருந்தோ வந்து மணியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். பூந்தமல்லிக்காரர்.

"இன்னாம்மா பண்றே?"

"தூசியா இருந்துச்சி பாய். தொடச்சேன்."

"தூசிக்குத்தாம்மா காசு. மணி இன்னா மணி? பஜார்ல போனா புதுசாவே கெடைக்கும். இந்தப் பச்ச கெடைக்குமா? இந்தக் கறுப்பு கெடைக்குமா? இதுக்கு வயசு கீதும்மா. நீ ஒரு தேய்ப்பு தேய்ச்சா ஒரு தலமொற போச்சு."

பித்தளையில் படிந்த பச்சை, இரும்பில் ஏறிய துரு, மரத்தில் ஊறிய எண்ணெய்க் கறுப்பு எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரு சொல்தான்: வயசு. சாக்கைப் பிரிக்கும்போது என்னிடம் "இதுல வயசு கீது" என்றால் அந்தப் பொருள் தேறிவிட்டது. "வயசு பத்தல" என்றால் காயலான் கடைக்குத் திரும்பிப் போகும்.

ஷெட்டில் நாங்கள் செய்தவை கிறிஸ்துமஸ் அலங்காரங்கள். வெளிநாட்டில் பண்டிகைக்கு வீட்டில் தொங்கவிடவும் மேஜைமேல் வைக்கவும் பழைய சாமான்களால் செய்த பொம்மைகளையும் காட்சிகளையும் வாங்கினார்கள். பெரிய சாவி ஒன்று தேவதையின் உடம்பாகும். மணி அவளுக்குப் பாவாடை. சுவர்க் கடிகாரத்தின் பல்சக்கரம் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். சாமான்கள் பெரும்பாலும் ஆவடி குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து வந்தன. அங்கே ராணுவ ஃபேக்டரியில் ரிட்டயர் ஆகி ஊருக்குப் போகிறவர்களும் மாற்றலாகிப் போகிறவர்களும் கழித்துக் கட்டுவதைப் பழைய பேப்பர்க்காரர்கள் வாங்கி, பாயிடம் கொண்டுவந்து போடுவார்கள். லாரியில் ஏற்ற வேண்டாம் என்று ஒரு குடும்பம் விட்டுப் போனதெல்லாம் எங்களிடம் வந்து தேவதை ஆயிற்று.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அப்பா வரதன் வெள்ளானூர்ப் பக்கம் செங்கல் சூளையில் லோடு ஏற்றியவர். அம்மாவும் அங்கேதான் கல் சுமந்தாள். எங்கள் குடும்பத்தில் தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். ஆவடியில் பிளஸ் டூ முடித்தேன். இதைத் தன்னடக்கத்தோடு சொல்ல எனக்குத் தெரியாது. பெருமையாகத்தான் சொல்கிறேன். ஷெட்டில் இருந்த பெண்கள் என் படிப்பைக் கேட்ட அன்றே எனக்கு "டீச்சரம்மா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் பாதி கிண்டல் என்று தெரிந்தும் எனக்குப் பிடித்திருந்தது.

பெண்களில் மூத்தவர் கஸ்தூரி அக்கா. டிரில்லிங் மெஷின் அவர் பொறுப்பு. கம்பி கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவரால் பொறுக்க முடியாத ஒன்று உண்டு, அழுக்கு. கையில் எடுத்த எதையும் ஒருமுறை புடவைத் தலைப்பால் தடவாமல் கீழே வைக்க மாட்டார்.

"கஸ்மாலம், இன்னா இது, மாடு மேலயே கெடந்த மாதிரி கீது" என்பார்.

"தொடச்சிகினு உக்காராதம்மா. வேல ஓடணும்" என்று பாய் அதட்டுவார்.

அந்த ஷெட்டில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழுந்த வாக்கியம் அது. வேலை ஓடணும்.

2. அஞ்சறைப் பெட்டி

எங்கள் வீட்டில் அஞ்சறைப் பெட்டி கிடையாது. கடுகு, மிளகு, சீரகம், வெந்தயம், மஞ்சள் எல்லாம் ஒரே சமயத்தில் எங்கள் வீட்டில் இருந்ததும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, முதன்முதலாக ஒரு மரப்பெட்டியைச் சாக்கிலிருந்து எடுத்துத் திறந்தபோது எனக்கு அது சமையல் சாமானாகத் தெரியவில்லை. அறை அறையாகப் பிரித்த ஒரு வீடாகத் தெரிந்தது.

எல்லாரும் எவர்சில்வருக்கு மாறிக்கொண்டிருந்த காலம். மரப்பெட்டிகள் நிறைய வந்தன. பாய் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் மூலையில் அடுக்கிவைத்திருந்தார். ஒரு பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அதில் மஞ்சள் இருந்த அறையின் அடிப்பக்கம் முழுவதும் கறை. புதுமஞ்சளின் நிறம் இல்லை. எத்தனையோ வருஷம் எண்ணெய்க் கையும் மஞ்சளும் ஊறிப்போன, பழுப்பும் பொன்னும் கலந்த நிறம். நடுவில் அழுத்தமாகவும் ஓரங்களில் கரைந்தும் இருந்தது. நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், இருட்டில் எங்கோ வெளிச்சம் விழுந்த மாதிரி இருந்தது.

ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி கட்டுபவள். ஆவடியிலிருந்து வருவாள். ஷெட்டிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற ஒரே ஆள் அவள்தான். அவளிடம் கேட்டேன்.

"குடில்ல யார் யார் இருப்பாங்க?"

"மாதா, சூசையப்பர், கொழந்த. ஆடு மாடு. இடையருங்க. மூணு ராஜா. மேல நட்சத்திரம். அது இல்லாம ராஜாங்களுக்கு வழி தெரியாது."

"நட்சத்திரம் இதோ கீது பாரு" என்று மஞ்சள் கறையைக் காட்டினேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஆமால்ல" என்றாள். பிறகு கறையைத் தொட்டுவிட்டு விரலை மோந்து பார்த்தாள்.

மேல் அறையில் மஞ்சள் வெளிச்சம். பக்கத்து அறைகளில் சாவிகளால் செய்த ராஜாக்கள், துருப்பிடித்த பூட்டு ஒன்று மாடாக. நடுவறையில் மணிப் பாவாடை கட்டிய மாதா. அவள் காலடியில், குழந்தைக்குப் பால் புகட்டுகிற பித்தளைப் பாலாடைதான் தொட்டில். பழைய சட்டையின் சிப்பிப் பொத்தான் குழந்தையின் முகம். பாய் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அன்றைக்கே ஏஜென்ட்டுக்குச் சாம்பிள் போயிற்று.

ஏஜென்ட் சந்திரன் சார்தான் எங்களுக்கும் வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற பையர் அம்மாவுக்கும் நடுவில் இருந்தவர். சில வாரம் கழித்து அவர் வந்து பாயிடமும் என்னிடமும் சொன்னார்: "அந்தம்மா பெட்டியத் திறந்து மூக்குகிட்ட வச்சிகிட்டு அப்படியே நின்னாங்களாம். மஞ்சளா இருக்கே, அது ரொம்பப் பிடிச்சிருச்சு. எல்லா பீஸ்லயும் அது கண்டிப்பா வேணும்."

அதுவரை அந்த ஷெட்டுக்குக் கிடைக்காத பெரிய ஆர்டர் அது. மற்ற சின்ன ஆர்டர்களை எல்லாம் பாய் விட்டுவிட்டார். இது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் பக்கத்து ஷெட்டையும் எடுத்து, நிரந்தரமாக வேலை நடத்தலாம். போகாவிட்டால் ஷெட்டே இல்லை. பாய் இதை மறைக்காமல் எங்கள் எல்லாரிடமும் சொன்னார்.

என்னிடம் தனியாக இன்னொன்றும் சொன்னார். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன அட்டை வைக்கவேண்டும் என்று பையர் கேட்டிருக்கிறார். இது என்ன பெட்டி, எதற்குப் பயன்பட்டது என்று அதில் இருக்கவேண்டும்.

"நீதான் இங்கிலீஷ்ல எழுதணும். கீழ உம் பேரையும் போட்டுக்கோ. நீதான பண்ணே."

வடிவமைப்பு: வ. அமுதா. ஆங்கிலத்தில் அச்சாக வேண்டிய அந்த ஒரு வரியை நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டது ஒன்றுதான்.

"அச்சுலயா?"

"அச்சுலதான் நைனா."

அவர் எழுந்து வெளியே போய், சும்மா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

3. பூஜைக்கு முந்தின நாள்

மற்ற வருஷங்களில் ஆயுத பூஜை வருவதற்குள் சரக்கு கப்பலேறிவிடும். பூஜையன்று ஷெட்டில் மிச்சம் இருப்பது டிரில்லிங் மெஷின், பட்டறை வைஸ், கட்டிங் பிளேயர், டேபிள் ஃபேன், பாயின் சைக்கிள் மட்டும்தான். அந்த வருஷம் அப்படி நடக்கவில்லை. மஞ்சள் கறை நன்றாக ஊறிய பெட்டிகளைத் தேடிச் சேர்க்கவே மாதங்கள் ஓடிவிட்டன. ஆவடி, அம்பத்தூர், திருநின்றவூர் என்று பேப்பர்க்காரர்கள் அலைந்து கொண்டுவந்தார்கள். எந்தப் பெட்டி தேறும் என்று பார்த்து எடுத்தது பாயும் நானும் மட்டும்தான். கடைசியில் பெட்டிகள் எல்லாம் முடிந்து ரேக்கில் வரிசையாக நின்றபோது பூஜை வந்துவிட்டது. அட்டை வைத்து, கார்ட்டனில் போட்டு அனுப்புவதுதான் பாக்கி.

பூஜையன்று விடுமுறை என்பதால் முதல் நாள் சாயங்காலமே ஷெட்டில் படைத்துவிடுவது எங்கள் வழக்கம். பாய் முஸ்லிம்தான். ஆனால் பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் அவர்தான் வாங்கி வருவார். கற்பூரம் காட்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்பார்.

அன்று காலை நானும் அவரும் டவுனுக்குப் போகவேண்டியிருந்தது. அச்சகத்தில் அட்டை தயார்; எழுத்துப் பிழை பார்த்து வாங்கிவர நான் வேண்டும். கிளம்பும்போது பாய் சொன்னார்:

"கஸ்தூரி, சாயங்காலத்துக்குள்ள வந்துருவோம். இன்னிக்கு வேல ஒண்ணும் வாணாம். எல்லாத்தியும் பளபளன்னு கழுவி, பொட்டு வெச்சி, ஜோரா பண்ணிடுங்க."

"எல்லாத்தியுமா பாய்?"

"எல்லாத்தியும்தான். வருசத்துல ஒரு நாளு. அப்புறம் இன்னா."

அச்சகத்தில் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். தடித்த வெளிர்மஞ்சள் காகிதம், கறுப்பு எழுத்து. பிழை இல்லை. என் பெயரின் மேல் விரலை ஓட்டினால் எழுத்து லேசாகப் பள்ளமாகத் தட்டுப்பட்டது. பஸ்ஸில் வரும்போது பாய் மடியில் பூசணிக்காய், என் மடியில் அட்டைக் கட்டு. குமணன்சாவடி தாண்டும்வரை நான் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாய் சிரித்தார்.

"தேஞ்சிடப் போவுதும்மா."

ஷெட் வாசலில் கோலம் போட்டிருந்தது. பெண்கள் எல்லாரும் வெளியே நின்றிருந்தார்கள். கை முட்டிவரை ஈரம், புடவையை இழுத்துச் செருகியிருந்தார்கள். கஸ்தூரி அக்காவின் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கண்ண மூடிகினு வா பாய்" என்றார்.

பாய் விளையாட்டாகக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போனார். நான் மூடவில்லை.

முதலில் வாசனைதான் வந்தது. புளியும் சவுக்காரமும். பிறகு ரேக் தெரிந்தது. ஒவ்வொரு மணியும் பொன்னாக மின்னியது. சாவிகளை மண்ணெண்ணெய் போட்டு, உப்புத்தாளால் தேய்த்திருந்தார்கள். வெள்ளி மாதிரி இருந்தன. பெட்டிகளிலிருந்து ஒவ்வொரு பொம்மையையும் கழற்றி, மரத்தைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் அதே இடத்தில் கட்டியிருந்தார்கள். ஒரு கம்பிகூட இடம் மாறவில்லை. மரம் நேற்று இழைத்தது போல வெளுத்திருந்தது. மஞ்சள் அறைகளில் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"எப்டி கீது?" என்றார் கஸ்தூரி அக்கா. "இத்தினி மாசமா கையி அரிச்சிகினே இருந்துச்சி பாய். நீ வேல ஓடணும் வேல ஓடணும்னு தொடைக்கவே உடல. இன்னிக்கு ஒரு நாளு கெடச்சிது, உடுவமா? காலீல இருந்து சோறுகூட துன்னல."

ஸ்டெல்லா ஒரு பெட்டியை எடுத்து நீட்டினாள். "பொறக்கப்போற கொழந்தைக்கு அழுக்குத் தொட்டிலா பாய்? பாலாட உள்ள பாருங்க, மூஞ்சி தெரியும். நட்சத்திரத்துக்குப் புது மஞ்சளா பூசிக்கலாம்."

பாய் அதை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் அதில் தெரிந்திருக்கும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கையை லேசாக அசைத்தார், வேண்டாம் என்று.

"நல்லா கீதும்மா" என்றார். பெட்டியை ரேக்கில் வைத்துவிட்டு, "பூஜைய ஆரம்பிங்க" என்றார்.

கஸ்தூரி அக்கா கற்பூரம் காட்டினார். தேய்த்த ஒவ்வொரு மணியிலும் ஒவ்வொரு சுடர் தெரிந்தது. ரேக் முழுவதும் விளக்கு ஏற்றியது போல இருந்தது. அவ்வளவு அழகாக அந்த ஷெட் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கவில்லை. பாய் செருப்பில்லாமல் வாசலில் நின்றார். பூசணிக்காயை அவரே ரோட்டில் கொண்டுபோய் உடைத்தார். எல்லாரோடும் உட்கார்ந்து பொரி தின்றார். பெண்கள் சிரித்துக்கொண்டே போனபிறகு, வெளியே லாரிச் சத்தத்துக்கு நடுவில் என்னிடம் சொன்னார்:

"தூசிக்குத்தான் காசுன்னு உங்கிட்டதாம்மா சொன்னேன். நீ படிச்ச பொண்ணுன்னு. அவங்ககிட்ட ஏன்னு சொல்லவே இல்ல. வேல ஓடணும்னு மட்டும் சொல்லிகினு இருந்தேன்."

4. வயசை வரவழைக்க

விடுமுறை முடிந்து பெண்கள் வந்ததும் பாய் விஷயத்தைச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கஸ்தூரி அக்கா விளையாடுகிறார் என்று நினைத்துவிட்டார்.

"அழுக்க துட்டு குடுத்து வாங்குவாங்களா? எங்க தெருவுக்கு வரச் சொல்லு பாய். லோடு லோடா ஏத்தி உடறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். பாயின் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கடைசியில் கஸ்தூரி அக்கா மட்டும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். புளியும் சாம்பலும் பட்டு விரல்நுனி வெளுத்துப் போயிருந்தது.

ஏஜென்ட்டிடம் பேசி பாய் கொஞ்சம் அவகாசம் வாங்கினார். காரணம் சொல்லவில்லை. அதற்குள் வயசைத் திரும்ப வரவழைக்க எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் செய்தோம். மணிகளை உப்பும் வினிகரும் நனைத்த துணியில் சுற்றி வைத்தோம். பச்சை வந்தது. ஆனால் அது சுண்ணாம்பு மாதிரி மேலே நின்றது. தொட்டால் விரலோடு வந்துவிட்டது. சாவிகளை ஈர மணலில் புதைத்தோம். துரு ஏறியது, செங்கல் தூள் நிறத்தில். பழைய துருவின் கறுப்பு வரவில்லை.

பெட்டிகள்தான் எங்களை முழுக்கத் தோற்கடித்தன. மஞ்சளைக் குழைத்துப் பூசினோம். கல்யாணப் பத்திரிகை ஓரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. டீ டிகாக்ஷன் ஊற்றினோம், விளக்கெண்ணெய் தடவினோம், உமி போட்டுப் புகை காட்டினோம். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து வேறொன்று பூசினோம். இதற்கிடையில் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஒழுகியது. தண்ணீர் குடித்த மரம் காயவில்லை, உப்பியது. மூடிகள் மூடவில்லை. மூடியவை திறக்கவில்லை. அறைத் தடுப்புகள் விரிந்து, சிலவற்றில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்தது. தினமும் காலையில் ஷெட்டைத் திறக்கும்போது, நேற்றைவிட இன்றைக்கு மோசமாக இருக்கும். அது தெரிந்தும் திறந்தோம்.

ஒருநாள் கஸ்தூரி அக்கா கூடையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவர் வீட்டு அஞ்சறைப் பெட்டி. காலையில் சமைத்துவிட்டுச் சாமான்களைக் காகிதத்தில் கொட்டி வைத்துவிட்டு எடுத்து வந்திருந்தார்.

"இதுல வயசு கீதா பாரு டீச்சரம்மா."

மஞ்சள் அறையைத் திறந்து பார்த்தேன். இருந்தது. நான் முதன்முதலாகப் பார்த்த பெட்டியில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் வீட்டில் தேடினார்கள். ஸ்டெல்லா வீட்டில் எவர்சில்வர் டப்பா. மற்றவர்கள் வீட்டில் பிளாஸ்டிக், பழைய பிஸ்கட் டின். மர அஞ்சறைப் பெட்டி வைத்திருந்தவர் எங்களில் கஸ்தூரி அக்கா ஒருவர்தான்.

அந்தப் பெட்டிக்கு நானே பொம்மை கட்டினேன். காயலான் சாக்கின் அடியில் தேய்க்கப்படாமல் தப்பியிருந்த மணியும் சாவியும் அதற்கு மட்டும் போதுமாக இருந்தன. என் பெயர் போட்ட அட்டை ஒன்றை அதற்குள் வைத்து ரேக்கில் முதல் ஆளாக நிறுத்தினேன்.

5. ஏஜென்ட் வந்த நாள்

சந்திரன் சார் வேனிலிருந்து இறங்கி நேராக ரேக்குக்குப் போனார். கஸ்தூரி அக்காவின் பெட்டியை அவர் முதலில் பார்க்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இருந்ததை எடுத்தார். மூடி வரவில்லை. பாய் திருகி, தட்டித் திறந்து கொடுத்தார். சார் மோந்து பார்த்தார்.

"சோப்பு வாசனை வருது."

 அவர் இன்னொன்றை எடுத்தார். இன்னொன்று.

"பாய், என்ன இது? சாம்பிள்ல என்ன காட்டினீங்க, இப்ப என்ன காட்டறீங்க?"

பாய் நடந்ததைச் சொன்னார். பூஜை, கழுவியது, மழை, எல்லாம். சார் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இத நான் அவங்களுக்கு எப்படிச் சொல்றது? பூஜைக்குக் கழுவிட்டாங்கன்னா?"

"அதான சார் நடந்துது."

"இது பழசுன்னு யாரு நம்புவா? புதுசா செஞ்சு, சாயம் பூசிப் பழசுன்னு ஏமாத்தறோம்பாங்க. மொத்தமும் திரும்பி வரும். எம் பேரும் கெட்டுப்போகும்."

அந்த நேரத்தில்தான் நான் முன்னால் போனேன். பள்ளியில் படித்த ஆங்கிலத்தை எல்லாம் மனசுக்குள் ஒருமுறை வரிசைப்படுத்திக்கொண்டு, இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றும் உண்மையிலேயே பழையவை, ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சமையலறையிலிருந்து வந்தது, அதற்கு நான் சாட்சி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு பிழை இல்லாமல்தான் சொன்னேன். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"நீ சொல்றது உண்மையா இருக்கலாம்மா. பெட்டி அப்படிச் சொல்லலையே."

திரும்பும்போதுதான் முதல் பெட்டியைப் பார்த்தார். எடுத்தார். மூடி தானாக வழுக்கிக்கொண்டு திறந்தது. மூக்குக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இது. இது மாதிரிதான் கேட்டாங்க. எல்லாம் இப்படி இருந்தா இன்னைக்கே லாரி ஏத்தியிருப்பேன்."

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இதை மட்டும் சாம்பிளாக அனுப்பிவைக்கிறேன், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார். அவர் வேனில் ஏறும்போது கஸ்தூரி அக்கா இரண்டடி முன்னால் போய், "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தார். பாய் அவரைப் பார்த்தார். அக்கா நின்றுவிட்டார். வேன் ரோட்டில் ஏறிப் போயிற்று.

"இனிமே கடுக எங்க கொட்றது" என்றார் கஸ்தூரி அக்கா. சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார்.

ஷெட் அந்த மாதமே மூடப்பட்டது. பித்தளையை எடைக்குப் போட்டார்கள். வாங்கிய பாத்திரக் கடைக்காரர், இவ்வளவு சுத்தமாக யாரும் கொண்டுவந்து போட்டதில்லை என்று பாயிடம் பாராட்டிச் சொன்னாராம். வெடித்த பெட்டிகள் டீக்கடை அடுப்புக்குப் போயின. பாய் பூந்தமல்லியில் தன் அண்ணன் கடையில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போனார். கடைசி நாளில் அட்டைக் கட்டை என் கையில் கொடுத்தார்.

"வெச்சிக்கோம்மா. உம் பேருதான."

அடுத்த வருஷம் என்று ஒன்று வரவே இல்லை. சாம்பிள் போய்ச் சேர்ந்ததா, அந்த அம்மா அதைப் பார்த்தார்களா என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை.

6. இன்றைக்கு

நான் இப்போது அம்பத்தூரில் ஒரு ஆயத்த ஆடைக் கம்பெனியில் பேக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர். ஷெட் மூடிச் சில வருஷம் கழித்து ஆவடி ஸ்டேஷனில் கஸ்தூரி அக்காவைப் பார்த்தேன். குவார்ட்டர்ஸில் நாலைந்து வீட்டில் பாத்திரம் தேய்ப்பதாகச் சொன்னார். எல்லா வீட்டிலும் அவர் தேய்ப்புக்கு நல்ல பெயராம். ரயில் வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"டீச்சரம்மா, நீ படிச்சவ. மெய்யாலுமே சொல்லு. நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

"ஒரு தப்பும் பண்ணலக்கா. அவங்களுக்கு அந்த அழுக்குதான் வேணும்."

"எதுக்கு?"

"பழச பாத்தா அவங்க சின்ன வயசு ஞாபகம் வரும்னு."

 "எங்க சின்ன வயசு ஞாபகத்த எல்லாம் தேய்ச்சிதான் வெளில தள்ளிகினு கீறோம்" என்றார். ரயில் வந்தது. மகளிர் பெட்டியில் இடம் பிடிக்க ஓடினோம்.

வேலைக்குச் சேரும் தங்கைகளுக்கும், அவர்களை வேலை வாங்கப்போகிறவர்களுக்கும் நான் அந்த ஷெட்டில் கற்றதைச் சொல்கிறேன். ஒரு பொருளை ஒருத்தி கையில் கொடுக்கும்போது, அது எங்கே போகிறது, யார் வீட்டில் இருக்கப்போகிறது, அதில் அவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்று முதலில் சொல்லுங்கள். இதைச் செய்யாதே என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். காரணம் தெரியாத கை, தனக்குத் தெரிந்த நல்லதைத்தான் செய்யும். அந்த நல்லதிலேயே எல்லாம் போய்விடலாம். என் செக்ஷனில் புதுப் பெண்கள் வந்தால், முதல் நாளே ஒரு பெட்டியைப் பிரித்துக் காட்டி இதையெல்லாம் சொல்கிறேன். மேனேஜர் தாண்டிப் போகும்போது சொல்வார்: "கிளாஸ் எடுத்தது போதும்மா. பீஸ் ஓடட்டும்." நான் நிறுத்திக்கொள்வேன். வேறு என்ன செய்வது.

அட்டைகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. ஒன்றை அப்பா சோற்றுப் பருக்கை தடவி வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். யார் வந்தாலும் என் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று சரியாகக் காட்டுவார். படிக்கத் தெரியாது, இடம் தெரியும். சரக்கு போகவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. ஷெட் மூடியதற்கு வேறு ஏதோ காரணம் சொன்னேன்.

டிசம்பர் பிறந்து, ஆவடிப் பக்கம் வீடுகளில் காகித நட்சத்திரம் தொங்க ஆரம்பித்ததும் கேட்பார்.

"இந்நேரம் அங்கெல்லாம் உம் பெட்டிய எடுத்து வெச்சிருப்பாங்க இல்ல?"

"ஆமா நைனா."

"எத்தினி ஊட்ல?"

"நெறய ஊட்ல."

அவர் கதவோரம் இருக்கும் அட்டையைப் பார்ப்பார். நான் அடுப்பைப் பார்ப்பேன். எங்கேயாவது இருந்தால் ஒரு வீட்டில் இருக்கும். உள்ளே என் பெயர் இருக்கும். பெட்டி கஸ்தூரி அக்காவுடையது.